மங்கிய ஹெட்லைட்டும் கீறல் விழுந்த விண்ட்ஷீல்டும்: தெளிவு எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது?

மங்கிப்போன ஹெட்லைட் கவர் மீது கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெண்புகை படிந்ததுபோல் இருந்த பிளாஸ்டிக் பெரும்பாலும் சட்டென்று தெளிந்துவிடும். உள்ளே பல்பும் ரிஃப்ளெக்டரும் பளிச்சென்று தெரியும். ஈரம் காய்ந்ததும் பழைய மங்கல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அழுக்கு கழுவப்பட்டதால் வந்த தெளிவு இல்லை இது. அழுக்கு என்றால் காய்ந்த பிறகும் தெளிவாகத்தானே இருக்க வேண்டும்?

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைகிறது. எவ்வளவு வளையும் என்பது இரண்டின் ஒளிவிலகல் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்றுக்கு அந்த எண் 1. ஹெட்லைட் கவர் செய்யப்படும் பாலிகார்பனேட்டுக்கு ஏறக்குறைய 1.58. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் ஒளிக்கதிர்கள் எல்லாம் ஒரே மாதிரி வளைந்து ஒழுங்காக வெளியேறும். கீறல் விழுந்துவிட்டால் ஒவ்வொரு கீறலின் சரிவும் ஒவ்வொரு திசைக்குத் தள்ளிவிடும். நொறுக்கிய கண்ணாடி வெள்ளைத் தூளாகத் தெரிவதும் இதனால்தான். பொருள் மாறவில்லை, பரப்புகள்தான் பெருகிவிட்டன. தண்ணீரின் எண் 1.33. அது கீறல்களை நிரப்பும்போது 1-க்கும் 1.58-க்கும் இடையே இருந்த பெரிய தாவல் சிறிதாகிவிடுகிறது, சிதறலும் அடங்குகிறது.

ஆக, நனைத்தால் தெளிகிறது என்றால் பழுது வெளிப்பரப்பில் இருக்கிறது, சரிசெய்யலாம். நனைத்தும் மங்கல் போகவில்லை என்றால் கோளாறு உட்புறத்திலோ பிளாஸ்டிக்கின் உடம்புக்குள் ஓடும் நுண்விரிசல்களிலோ இருக்கும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம்.

வெண்மை போய் மஞ்சள் மட்டும் அப்படியே நிற்கிறதா? அது வேறு வியாதி. வெண்மை பரப்பின் வடிவத்தில் வந்த கோளாறு, மஞ்சள் வேதியியலில் வந்தது. பாலிகார்பனேட்டை 1953-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாக உருவாக்கினார்கள். கல் பட்டாலும் சிதறாத அசாத்திய உறுதி அதற்கு உண்டு. ஆனால் அதன் மூலக்கூறில் இருக்கும் பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். பிணைப்புகள் அறுந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, நீல ஒளியை விழுங்கும் புதுச் சேர்மங்கள் உண்டாகின்றன. நீலம் போனால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது மஞ்சள்.

பைக்குகளின் விண்ட்ஷீல்டுகள் பல அக்ரிலிக் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் வருகின்றன. அதில் பென்சீன் வளையம் இல்லை. அதனால் வருடக்கணக்கில் வெயிலில் நின்றாலும் அவ்வளவாக மஞ்சளாகாது. அடிபட்டால் உடையும், அதுதான் அதன் பலவீனம்.

வெயிலிலிருந்தும் கீறலிலிருந்தும் காக்க, பாலிகார்பனேட் கவர்களின் மேல் தொழிற்சாலையிலேயே சில மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு கடினமான பூச்சு போடுகிறார்கள். வெயிலும் பறந்து வரும் மணலும் சேர்ந்து முதலில் இந்தப் பூச்சைத்தான் தின்கின்றன. பூச்சு திட்டுத்திட்டாக உரியத் தொடங்கினால் மீதியையும் எடுத்தே ஆக வேண்டும். அங்கேதான் உப்புத்தாளின் வேலை.

தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் வாட்டர் பேப்பரில் 800, 1500, 2000 என்று எண் ஏற ஏற மணி பொடியாகும். பி800 தாளில் மணியின் அளவு சராசரியாக 22 மைக்ரோமீட்டர். பி2000-ல் சுமார் 10. முதல் தாளில் தேய்க்கும்போது வழியும் நீர் மஞ்சள் கலந்த பால்போல் ஓடும். அது வெறும் வெள்ளையானதும் செத்த பூச்சு போய் நல்ல பிளாஸ்டிக் வந்துவிட்டது என்று அர்த்தம். கவர் இப்போது முன்பைவிட மோசமாக, முழுக்க வெளுத்துத் தெரியும். பலர் பயந்து கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த தாளைக் குறுக்குவாட்டில் ஓட்டினால், பழைய நீளவாட்டுக் கோடுகள் மிச்சம் இருந்தால் தனியாகத் தெரியும். அவை மறைந்த பிறகே அதற்கடுத்த தாள். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எந்தப் பாலிஷும் அந்தக் கோடுகளை மறைக்காது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. கீறல்கள் அதைவிட நுணுகிவிட்டால் சிதறல் ஏறக்குறைய நின்றுவிடும். தாளால் அவ்வளவு தூரம் போக முடியாது. பாலிஷ் பேஸ்ட்டில் இருக்கும் மிகப் பொடியான அலுமினாத் துகள்கள்தான் கடைசித் தூரத்தைக் கடக்கின்றன. இணையத்தில் உலவும் பற்பசை வைத்தியம் இதன் ஏழை உறவினர். பற்பசையிலும் தேய்ப்பான்கள் உண்டு, லேசான மங்கல் போகத்தான் செய்யும். ஆனால் பாதுகாப்புப் பூச்சு எதையும் அது திருப்பித் தருவதில்லை. பூச்சை இழந்த பிளாஸ்டிக் வெயிலில் நேரடியாக நிற்கிறது. மஞ்சள் முன்பைவிட வேகமாகத் திரும்பி வரும்.

ஆகவே புற ஊதாக் கதிரை உறிஞ்சும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சை அடித்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இங்கே ஒரு வேடிக்கை: ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் கண்ணாடிபோல் பாலிஷ் செய்யத் தேவையே இல்லை. நுண்கீறல்களைக் கிளியர் கோட் தண்ணீரைப்போலவே நிரப்பிவிடும். அதன் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டியது, அதாவது தண்ணீரைவிடப் பொருத்தமானது. பூச்சு பற்றிக்கொள்ளவும் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். பூச்சை இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கும் வகைகளில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். அது நுரையீரலுக்கு ஆகாது, சாதாரணத் துணி முகக்கவசத்தால் தடுக்கவும் முடியாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் அமைப்பு 2018-ல் வெளியிட்ட சோதனையில், மங்கிய கார் ஹெட்லைட்டுகள் புதியவற்றின் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே தந்தன. சீரமைத்த பிறகு அது சுமார் 70 சதவீதமானது.

விண்ட்ஷீல்டுக்கு இதே முறை என்றால் எனக்குச் சம்மதமில்லை. ஹெட்லைட் வழியாக ஒளி வெளியே போனால் போதும். விண்ட்ஷீல்டு வழியாக நாம் சாலையைப் பார்க்கிறோம். ஒரு கீறலைத் துரத்தி ஓரிடத்தில் மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, பிளாஸ்டிக் லென்ஸாக மாறி, எதிரே வருவது நெளிந்து தெரியும். கையால் அடித்த ஸ்பிரேயும் அலையலையாகத்தான் காயும். லேசான கீறல்களுக்கு பிளாஸ்டிக் பாலிஷ் போதும். பார்வைக்கு நேரே ஆழமான கீறல் என்றால் மாற்றிவிடுவதே நல்லது.

திருகு ஓட்டைகளைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல் தெரிந்தாலும் மாற்றத்தான் வேண்டும். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கின் மேல் பெட்ரோல், திருகு கழலாமல் இருக்கப் போடும் பசை, ஆல்கஹால் போன்றவை படும்போது மூலக்கூறுச் சங்கிலிகள் நழுவி இப்படிப் பிளவு விடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் பாலிகார்பனேட்டுக்கு எதிரி. அன்றாடம் துடைக்க லேசான சோப்பு நீரே போதும். காய்ந்த பூச்சிக் கறையின் மேல் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டு எடுங்கள். தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் எந்த பிளாஸ்டிக்கையும்விடக் கடினம்; உலர்ந்த துணியால் துடைக்கும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் ஓட்டுவதற்குச் சமம்.