கருத்துக்களங்களில் தேடுவோர் கவனத்திற்கு: கேட்டவரின் சொற்களும் பதிலின் வயதும்

உறுப்பினர்கள் கேள்வி கேட்டுப் பதில் எழுதும் இணையக் கருத்துக்களங்களின் வழங்கிகளையும் (சர்வர்களையும்) அவற்றின் தேடல் வசதியையும் பராமரிப்பது என் தொழில். அந்தப் பணியின் ஒரு பகுதியாக, உறுப்பினர்கள் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்த சொற்களின் பதிவேட்டை அவ்வப்போது பார்வையிட வேண்டியிருக்கும். தேடியவர் யார் என்பது அதில் பொருட்டல்ல. எந்தச் சொற்களுக்கு ஒரு முடிவும் கிடைக்கவில்லை என்பதையே பார்ப்போம். அவ்வாறு வெறுங்கையுடன் திரும்பிய தேடல்களில் பலவற்றுக்கு அதே களத்தில், சில வேளைகளில் பல திரிகளில் (ஒரு கேள்வியும் அதற்கு வந்த மறுமொழிகளும் சேர்ந்த தொடர்), தெளிவான பதில் இருப்பதைக் காண்கிறேன். பதில் இருந்தும் கிடைக்காமல் போவதற்குத் தேடியவரின் சோம்பல் காரணமல்ல. கருத்துக்களத்தில் எழுதப்படும் மொழி எப்படிப்பட்டது, அந்தத் தேடல் பெட்டி உள்ளே எப்படி இயங்குகிறது என்ற இரண்டையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே காரணம்.

கலைக்களஞ்சியக் கட்டுரையை எழுதுபவருக்குப் பொருளின் பெயர் தெரியும். கருத்துக்களத்தில் திரியைத் தொடங்குபவருக்கோ பெரும்பாலும் அது தெரியாது. தெரிந்திருந்தால் அவர் கேட்க வந்திருக்கவே மாட்டார். ஆகவே திரியின் தலைப்பிலும் முதல் பதிவிலும் அவர் கண்ட அறிகுறிகள் இருக்கும். சிக்கலின் முறையான பெயர் ஐந்தாவது மறுமொழியிலோ பத்தாவது மறுமொழியிலோதான் முதன்முறையாகத் தலைகாட்டும். இதை மனத்தில் கொண்டால் தேடலை இரு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்: முதலில் இடரில் சிக்கிய ஒருவர் எந்தச் சொற்களில் புலம்புவாரோ அந்தச் சொற்களைத் தேட வேண்டும், கிடைக்கும் திரிகளிலிருந்து முறையான பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரால் மீண்டும் தேட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: மடிக்கணினியின் தொடுபலகை திடீரென அழுத்த முடியாதபடி இறுகிவிடுகிறது, மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. உரிமையாளர் இதைத் தொடுபலகையின் கோளாறாகவே நினைப்பார். அறிகுறிகளைக் கொண்டு தேடினால், கீழே உள்ள லித்தியம் பேட்டரி வீங்கித் தொடுபலகையை மேலே தள்ளக்கூடும் என்று யாரேனும் எழுதியிருப்பது கண்ணில் படும். அடுத்து ‘பேட்டரி வீக்கம்’ என்பதையும் மடிக்கணினியின் மாதிரிப் பெயரையும் சேர்த்துத் தேடினால், அதுவரை காணக் கிடைக்காத வேறொரு தொகுதித் திரிகள் திறக்கும். (வீங்கிய பேட்டரியை மின்னேற்றம் செய்வதும், குத்துவதும், அழுத்தி உள்ளே தள்ளுவதும் ஆபத்தானவை, அந்த நிலையில் தேடுவதை நிறுத்திவிட்டுக் கணினியை அணைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை.)

பிழைச்செய்தி திரையில் தெரியும்போது வேலை எளிதாகிறது. ஆனால் செய்தியை முழுவதுமாக நகலெடுத்து ஒட்டுவதால்தான் பலருடைய தேடல் தோற்கிறது. ஒவ்வொரு பிழைச்செய்தியிலும் மென்பொருளை எழுதியவர் நிலையாக எழுதிவைத்த பகுதி ஒன்று இருக்கும். உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய பகுதி இன்னொன்று இருக்கும். பயனர் பெயர், கோப்புறையின் பாதை, தேதியும் நேரமும், நினைவக முகவரியாகத் தோன்றும் நீண்ட எண் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை உலகில் வேறெவருடைய பதிவிலும் இருக்க வாய்ப்பில்லை என்பதால் அவற்றை நீக்கிவிட்டு, நிலையான பகுதியில் தொடர்ச்சியாக வரும் சில சொற்களை மட்டும் இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேட வேண்டும். பிழைக்குறியீட்டு எண் இருந்தால் அது சொற்களைவிடச் சிறந்தது. ஏனெனில் இடைமுகத்தின் மொழி மாறினாலும் எண் பெரும்பாலும் மாறுவதில்லை. மென்பொருளின் பதிப்பு எண்ணை முதல் தேடலில் சேர்த்துப் பார்த்து, முடிவு கிடைக்காவிட்டால் நீக்கிவிடலாம். மாதிரி எண்களில் வரும் சிறு கோட்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை: கோட்டுக்கு முன்னால் தவறுதலாக இடைவெளி விழுந்துவிட்டால், பல தேடல் நிரல்கள் அதைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொண்டு, நீங்கள் தேடுகின்ற எண்ணையே முடிவுகளிலிருந்து விலக்கிவிடும்.

இனி, தேடல் பெட்டியின் உட்புறம். களத்தின் தேடல் பெட்டியும் கூகுளைப் போலவே இயங்கும் என்று பலர் நம்புகிறார்கள். நான் காணும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது. பல களங்கள், பதிவுகளைச் சேமித்து வைக்கும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் முழுவுரைத் தேடல் வசதியைச் சார்ந்திருக்கின்றன. அந்தத் தரவுத்தளத்தின் பழைய சேமிப்பு முறையான மைஐசாமில், இயல்பு அமைப்பின்படி 4 எழுத்துகளுக்குக் குறைவான சொற்கள், தேடலுக்காகத் தொகுக்கப்படும் சொல் அட்டவணையில் சேர்க்கப்படுவதே இல்லை. பின்னர் வந்த இன்னோடிபி முறையில் அந்த எல்லை 3 எழுத்துகள். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துகளாக எழுதப்படும் யுஎஸ்பி, ஜிபிஎஸ், ரேம் போன்ற சொற்கள் பழைய களங்களில் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்: சொல் பதிவில் இருக்கிறது, அட்டவணையில் இல்லை. மைஐசாமில் 500-க்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள் பொதுச்சொற்கள் என்ற பெயரில் முன்கூட்டியே தேடலிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. போதாக்குறைக்கு, அதன் இயல்புமொழித் தேடல் முறையில் (கட்டளைக் குறிகள் இன்றிச் சொற்களை அப்படியே தேடும் முறை), பாதிக்கும் மேற்பட்ட பதிவுகளில் வரும் எந்தச் சொல்லும் பயனற்றது எனக் கருதப்பட்டு ஒதுக்கப்படும். ஒரு குறிப்பிட்ட வாகனத்துக்கென்றே அமைந்த களத்தில் அந்த வாகனத்தின் பெயரைத் தேடுவது ஏன் வீண் என்பது இதிலிருந்து விளங்கும். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிஎச்பிபிபி என்ற கருத்துக்கள மென்பொருள், பொதுவானவை என்று தான் புறக்கணித்த சொற்களைத் தேடல் முடிவுப் பக்கத்தில் அறிவிக்கும் நல்ல பழக்கம் உடையது. அந்த வரியைப் படிக்காமல் கடந்து செல்வோர்தான் மிகுதி. வேறு சில மென்பொருள்கள் எதையும் சொல்லாமலேயே சொற்களைக் கைவிட்டுவிடும்.

களத்தின் பெட்டி கைவிடும்போது வெளித் தேடுபொறியை அந்த ஒரு களத்துக்குள் மட்டும் தேடச் செய்யலாம். ‘சைட்’ என்ற கட்டளைச் சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளியும் களத்தின் முகவரியும் சேர்த்து, அதன்பின் இடைவெளி விட்டுத் தேடுசொற்களை எழுதினால் போதும். கூகுளில் 2019-ஆம் ஆண்டு முதல் ‘பிஃபோர்’ (முன்), ‘ஆஃப்டர்’ (பின்) என்ற கட்டளைகளையும் இதே முறையில் ஆண்டுடன் சேர்த்துப் பயன்படுத்தலாம்; மென்பொருளின் புதிய பதிப்பு வெளியான பிறகு எழுதப்பட்டவற்றை மட்டும் பிரித்தெடுக்க இது மிகவும் உதவும். எனினும் தேடுபொறி காட்டும் தேதி, பதிவு எழுதப்பட்ட நாளாக இல்லாமல் பக்கம் கடைசியாக மாறிய நாளாகவும் இருக்கக்கூடும் என்பதால், திரிக்குள் சென்று தேதியைச் சரிபார்ப்பது அவசியம்.

வெளித் தேடுபொறிக்கும் எட்டாத இடங்கள் பெருகி வருகின்றன. உறுப்பினர்களுக்கு மட்டும் திறந்த பகுதிகளை அது பார்க்க முடியாது. டிஸ்கார்டு, வாட்ஸ்அப், மூடிய ஃபேஸ்புக் குழுக்கள் ஆகியவற்றுக்குக் குடிபெயர்ந்துவிட்ட உரையாடல்களுக்கும் இது பொருந்தும். அவற்றுக்குள் நுழைந்து அங்குள்ள பெட்டியில்தான் தேட வேண்டும். 2024-ஆம் ஆண்டு, ரெடிட் என்ற பெரிய கருத்துக்களத்தை நடத்தும் நிறுவனம் கூகுளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பிற தேடுபொறிகளின் நிரல்கள் தன் பக்கங்களை எடுப்பதைக் கட்டுப்படுத்தியபோது, அண்மைய ரெடிட் உரையாடல்கள் பிங் போன்றவற்றில் தென்படாமல் போயின. ஒரு தேடுபொறியில் ஒன்றும் இல்லை என்பதை எங்கும் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாத நிலை இது.

தமிழில் தேடுவோருக்கு இன்னொரு தடையும் உண்டு. நம் சொற்கள் வேற்றுமை உருபுகளை ஏற்று வடிவம் மாறுகின்றன. கருத்துக்களத் தேடல் நிரல்களில் பலவும் அவற்றை ஒரே சொல்லின் வடிவங்களாக அறிவதில்லை. ‘சத்தம்’ என்று தேடினால் ‘சத்தத்தை’, ‘சத்தத்துடன்’ என எழுதியவர்களின் பதிவுகள் வராமல் போகலாம். விண்மீன் குறியை (*) ஏற்கும் களங்களில் ‘சத்த’ என்று எழுதி அந்தக் குறியை இட்டால் எல்லா வடிவங்களும் அகப்படும். அதே பொருளை ஒருவர் மடிக்கணினி என்றும், மற்றொருவர் லேப்டாப் என்றும், வேறொருவர் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழை எழுதியும் குறிப்பிடுவதால், மூன்று வழியிலும் தேடிப் பார்ப்பது வீண் வேலையல்ல. ஒருங்குறி (யூனிகோடு) பரவலாவதற்கு முன் திஸ்கி முதலிய பழைய எழுத்துக் குறியேற்றங்களில் எழுதப்பட்டு, மாற்றப்படாமல் கிடக்கும் பழைய தமிழ்ப் பதிவுகளை இன்றைய தமிழ் எழுத்துகளால் தேடிப் பிடிக்க இயலாது.

திரி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மறுமொழிகள் உள்ளன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளவிடுவது சரியன்று. நீண்டு செல்லும் திரிகள் பலவும் கருத்துச் சண்டையால் நீண்டவை. நான் முதலில் பார்ப்பது, கேள்வி கேட்டவர் திரும்பி வந்தாரா என்பதையே. அவர் வந்து, இன்னார் சொன்னபடி செய்தேன், சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தால், பத்துப் பேர் ஊகித்து எழுதியதைவிட அந்த ஒரு வரிக்கு எடை அதிகம். ‘சரிசெய்துவிட்டேன், நன்றி’ என்று மட்டும் எழுதிவிட்டு, எப்படி என்று சொல்லாமல் மறைந்தவர்களின் திரிகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. தீர்வு என்று குறியிடப்பட்ட பதிலும் கேட்டவருக்கு அன்றைக்கு உதவிய பதில்தான். இன்றும் அதுவே சிறந்தது என்பதற்கு அந்தக் குறி உறுதியளிப்பதில்லை. 2008-இல் தொடங்கிய, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதில் பொதுவாக முதலிடத்தில் நிறுத்தப்பட்டு வந்தது. பழைய பதில்கள் காலாவதியான பின்னும் உச்சியிலேயே இருப்பது குறித்த நெடுநாள் விவாதத்துக்குப் பிறகு, 2021-இல் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. எனவே திரியின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். ‘இந்த வழி புதிய பதிப்பில் வேலை செய்யாது’ என்ற குறிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ‘ஏற்கெனவே கேட்கப்பட்டது’ என்று, களத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் பூட்டிய திரியைக் கண்டு சலித்துக்கொள்ள வேண்டாம். அவர் அங்கே வைத்துள்ள சுட்டி, தேடுபொறியால் தர முடியாத ஒரு மனிதத் தேர்வு.

பழைய திரிகளில் உள்ள சுட்டிகள் இறந்திருப்பது இயல்பு. யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் 2021 மே 4 அன்று மூடப்பட்டது. யாஹூ குழுமங்கள் அதற்கு முந்தைய ஆண்டின் டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டன. கூகுள், தான் நகலெடுத்து வைத்திருந்த தற்காலிகச் சேமிப்புப் பக்கங்களுக்கான இணைப்பை 2024-இல் நீக்கிவிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்துள்ள, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைக் காட்டும் வேபேக் மெஷினில் இறந்த சுட்டியின் முகவரியை ஒட்டிப் பார்ப்பதே இப்போது முதல் வழி. அங்கு எல்லாமே இருக்கும் என்று சொல்ல முடியாது. இருக்கும்போது அது பேருதவி. மிகப் பழைய வன்பொருள் பற்றிய ஐயம் என்றால், 1995 முதல் டெஜா நியூஸ் என்ற தளம் திரட்டி, 2001-இல் கூகுள் வாங்கிக்கொண்ட யூஸ்நெட் (வலைத்தளங்களுக்கு முந்தைய கலந்துரையாடல் பிணையம்) உரையாடல்களைக் கூகுள் குழுமங்களில் தேடலாம். 2024 பிப்ரவரிக்குப் பின் புதிய யூஸ்நெட் பதிவுகள் அங்கே சேர்வதில்லை.

தேடி எடுத்ததை நம்புவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. நிறுவனத்தின் உதவி எண் என்று ஒரு மறுமொழியில் தொலைபேசி எண் இருந்தால் அதை அழைக்காதீர்கள். மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று அறிந்து, பழைய திரிகளில் போலி எண்களைப் பதித்துவிட்டுக் காத்திருப்போர் இருக்கிறார்கள். களத்தைப் பராமரிப்பவர்கள் நாள்தோறும் நீக்கும் குப்பையில் இவ்வகைப் பதிவுகளுக்குத் தனியிடம் உண்டு. எண்ணை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ பொருளுடன் வந்த தாளிலிருந்தோ மட்டும் எடுங்கள். அன்றுதான் உறுப்பினராகி, ஒரே ஒரு பதிவு எழுதி, அதில் ஒரே ஒரு பொருளைப் புகழ்ந்திருப்பவர் யாராக இருக்கக்கூடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. உறுப்பினரின் பெயரைச் சொடுக்கினால் அவருடைய முந்தைய பதிவுகள் தெரியும். முனையத்தில் (கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) இட வேண்டிய கட்டளை ஒன்றைத் திரியிலிருந்து நகலெடுப்பதானால், அதன் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று அறிந்த பிறகே இயக்க வேண்டும். கோப்புகளை அழிக்கும் கட்டளைகளை வேடிக்கையாகப் பரிந்துரைப்பது இணையத்தின் மிகப் பழைய குறும்பு.

இந்தக் குறும்புகள் இப்போது புதிய வழியிலும் நம்மை வந்தடைகின்றன. பீட்சாவின் மேலுள்ள சீஸ் நழுவாமலிருக்கப் பசை சேர்க்கலாம் என்று 2024 மே மாதத்தில் கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் ஒன்று பரிந்துரைத்தது. அது, ரெடிட்டில் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கிடந்த ஒரு கேலிப் பதிவிலிருந்து வந்தது என்று பின்னர் கண்டறிந்தார்கள். திரிக்குள் படித்தவருக்கு அது கேலி என்பது சூழலிலேயே விளங்கியிருக்கும். சுருக்கத்தில் அந்தச் சூழல் உதிர்ந்துவிட்டது. ஆகவே சுருக்கம் எதைச் சொன்னாலும், அது காட்டும் மூலத் திரியைத் திறந்து, எழுதியவர் யார், எப்போது எழுதினார், அடுத்து வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் பதில் கிட்டவில்லை என்றால் கேட்பதுதான் வழி. பல ஆண்டுகளுக்கு முந்தைய திரியின் அடியில் ‘எனக்கும் இதே சிக்கல்’ என்று எழுதுவதைவிடப் புதிய திரி தொடங்குவது நல்லது. பல களங்களில் பழைய திரிகள் பூட்டப்பட்டும் இருக்கும். தலைப்பில் ‘அவசரம்’ என்பதற்குப் பதிலாகப் பிழைச்செய்தியின் நிலையான பகுதியை எழுதுங்கள். உள்ளே, பார்த்த பழைய திரியின் சுட்டி, அதில் சொல்லப்பட்ட தீர்வைச் செய்தபோது நடந்தது, உங்கள் பதிப்பு எண் ஆகியவற்றைச் சேருங்கள். அப்போது மறுமொழி தருபவர் பழைய தீர்வையே திரும்பச் சொல்லாமல் அதற்கு அடுத்த படியிலிருந்து தொடங்குவார்.