டோனி டிராகோ: அவசரக் கையின் இயற்பியல்

211 விநாடி. 1996 யுகே சாம்பியன்ஷிப்பில் ஜான் ஹிக்கின்ஸுக்கு எதிராக மால்டாக்காரர் டோனி டிராகோ ஒரு சதம் (தவறவிடாமல் ஒரே தொடராக நூறு புள்ளி) அடிக்க எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான். கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளும் ஸ்னூக்கரில் நூறு புள்ளி சேர எப்படிப் பார்த்தாலும் 25 பந்துகளாவது குழியில் விழவேண்டும். அப்படியானால் ஒரு பந்துக்கு எட்டு விநாடி சொச்சம், அதற்குள்ளேயே நடுவர், அதிகப் புள்ளி தரும் கறுப்புப் பந்து விழும்போதெல்லாம் அதைக் குழியிலிருந்து எடுத்து, துடைத்து, அதன் இடத்தில் வைத்துவிட்டு விலகவும் வேண்டும்!

கை வேகம் மட்டும் இருந்தால் இது நடக்காது. வெள்ளைப் பந்து ஒவ்வொரு முறையும் அடுத்த பந்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்கவேண்டும். எல்லாப் பந்துகளும் ஏறக்குறைய ஒரே எடை என்பதால், சுழற்சியே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் வெள்ளை இன்னொரு பந்தை ஓரமாகத் தட்டினால் இரண்டும் கிட்டத்தட்ட 90 பாகையில் பிரியும். நேராகத் தட்டினால் வெள்ளை அப்படியே நின்றுவிடும். முன்சுழற்சி இருந்தால் பாதை முன்பக்கம் வளையும், பின்சுழற்சி இருந்தால் பின்னால் இழுக்கும். டிராகோவைப் போன்றவர்கள் இதை யோசித்துக் கணக்குப் போடுவதில்லை, பார்த்தவுடனே கைக்குத் தெரிந்துவிடுகிறது.

சரி, ஏன் பலமாக அடிக்கவேண்டும்? கம்பளித் துணியின் உராய்வு, பந்து ஓட ஓட அதன் பின்சுழற்சியைத் தின்றுகொண்டே இருக்கும். மெதுவாகப் போனால் பாதி வழியிலேயே சுழற்சி தீர்ந்து பந்து முன்னோக்கி உருள ஆரம்பித்துவிடும், பலமாக அடித்தால் இன்னும் சுழற்சி மிச்சமிருக்கும்போதே போய் மோதிவிடும். அப்புறம் ஸ்னூக்கர் துணியின் மயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், மெதுவாக உருளும் பந்தை அது கொஞ்சம் விலக்கிவிடும். வேகமாகப் போகும் பந்துக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் இதற்கு விலை உண்டு. 52.5 மில்லிமீட்டர் பந்துக்கு ஸ்னூக்கர் குழியின் அகலம் ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடுதல், வாயோரம் வேறு வளைவாக இருக்கும். மெல்ல வந்த பந்து ஓரத்தில் பட்டாலும் பல நேரம் உள்ளே சரிந்துவிடும்; வேகமாக வந்தால் இரண்டு ஓரத்திலும் மாறி மாறி மோதி வெளியே துள்ளிவிடும். வாலெட்டாவில் 1965-இல் பிறந்து 1985-இல் தொழில்முறை ஆட்டக்காரரான டிராகோ, தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதிக்கு ஒரே ஒருமுறைதான் வந்தார்: 1997 இன்டர்நேஷனல் ஓப்பன். அதிலும் ஸ்டீபன் ஹென்ட்ரியிடம் 9–1 என்று அடிவாங்கினார். அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டார் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் இவ்வளவு கறாரான குழிகளை வைத்துக்கொண்டு அதே வேகத்தில் ஆடி உலகத் தரவரிசையில் 10-ஆம் இடம் வரை போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதே கை, ஸ்னூக்கரின் உறவான பூல் ஆட்டத்தின் மேசைக்குப் போனதும் கதை மாறியது. அங்கே மேசை சிறியது, துணியில் மயிர்ச் சாய்வு கிடையாது, குழியோ பந்தைப்போல் இரண்டு மடங்கு அகலம், அதன் ஓரமும் நேர்வெட்டு. ஸ்னூக்கரில் வெளியே துள்ளியிருக்கும் அடிகளில் பலவற்றுக்கு இங்கே மன்னிப்பு உண்டு. டிராகோ 2003-இல் உலக பூல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார், 2007-இலும் 2008-இலும் அமெரிக்காவைத் தோற்கடித்து மொஸ்கோனி கோப்பையை வென்ற ஐரோப்பிய அணியில் இருந்தார். 2008 போட்டி நடந்தது மால்டாவிலேயே.