சர்வைவர்: தப்பியவரா, வென்றவரா, பிழைத்தவரா?

புற்றுநோய்க்குப் பிறகும் வாழ்பவரை ஆங்கிலத்தில் 'சர்வைவர்' என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கியவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானதுதான். 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடச் சொல்வார்கள். கணக்கில் பெயருள்ள இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஒருவர் காலமானால் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சொல்லின் பழைய பொருளும் ஏறக்குறைய அதுவே. லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே, அப்பால். 'விவெரெ' என்றால் வாழ்தல். இரண்டும் ஒட்டி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், இன்னொருவர் போன பிறகும் இருப்பவர் என்ற பொருளில் சொத்துச் சட்டத்தில் புழங்கிக்கொண்டிருந்த சொல் இது.

புற்றுநோய்ப் பக்கம் இது பரவலானதில் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவருக்குப் பெரிய பங்குண்டு. அவருக்கே புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்தவர். 1985இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், 'குணமாகிவிட்டது, இல்லை' என்று இரண்டாகப் பிரிப்பது நோயாளியின் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை, பிழைத்திருப்பதற்கே பல பருவங்கள் இருக்கின்றன என்றார். மறு ஆண்டு அங்கே உருவான அமைப்பு ஒன்று, நோய் உறுதியான நாளிலிருந்தே ஒருவர் சர்வைவர்தான் என்று வரையறுத்தது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அதைத் தமிழில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய், 'உங்க புள்ள இன்னைலேர்ந்து பிழைத்தவர்' என்று சொல்லிப் பாருங்கள்.

குழந்தைப் பருவப் புற்றுநோயை ஆராய்பவர்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். லெஸ்லி ராபிசன் என்ற நோய்ப்பரவியல் ஆய்வாளர் தலைமையில் 1994இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 1970 முதல் 1986 வரையிலான காலத்தில், 21 வயதுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அதன்பின் 5 ஆண்டுகளாவது உயிரோடு இருந்தவர்களைத் தேடிப்பிடித்தார்கள். இவர்களே அந்த ஆய்வின் சர்வைவர்கள். யாரோடு ஒப்பிடுவது? அவர்களுடைய கூடப்பிறந்தவர்களோடு. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே அப்பா அம்மா, ஒருவருக்கு மட்டும் கீமோ மருந்தும் கதிர்வீச்சுச் சிகிச்சையும். அக்காவுக்கு இல்லாதது தம்பிக்கு இருந்தால், சந்தேகம் முதலில் அந்தச் சிகிச்சைமேல்தான் விழும்.

2006இல் வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. 10,397 பேரையும் கூடப்பிறந்தவர்கள் 3,034 பேரையும் வைத்துப் பார்த்ததில், பிழைத்தவர்களில் 62.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நீடித்த உடல்நலக் குறை இருந்தது. கடுமையான அல்லது உயிருக்கே ஆபத்தான குறைகள் வரும் வாய்ப்பு கூடப்பிறந்தவர்களைவிட 8 மடங்குக்கு மேல். கவனியுங்கள், இவர்கள் கிழவர்கள் இல்லை, சராசரி வயது 27ஐக்கூடத் தொடவில்லை.

காரணம் என்னவென்றால், மருந்து புற்றணுவை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் டானோருபிசின், டாக்ஸோருபிசின் வகையை வார்டில் 'சிவப்பு மருந்து' என்பார்கள்; பாட்டிலும் சிவப்பு, ஏற்றிய பிறகு போகும் சிறுநீரும் சிவப்பு. சிறுநீர் ஓரிரு நாளில் தெளிந்துவிடும், அந்தச் சிவப்பு பக்கவிளைவுகூட இல்லை, வெறும் நிறம். அதே மருந்து இதயத் தசையில் செய்துவிட்டுப் போகும் சேதம் பத்து, இருபது வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, பிரசவ நேரத்தில் இதயத்துக்கு வேலை கூடும்போது தலைகாட்டலாம். இதயத் தசை அணுக்கள் போனால் போனதுதான், மறுபடி முளைப்பது மிகக் குறைவு. மார்பில் கதிர் வாங்கிய பெண்ணுக்கு இளவயதிலேயே மார்பகப் புற்று வரும் வாய்ப்பு கூடும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து காது கேட்கும் திறனைக் குறைக்கலாம், கழுத்துக் கதிர் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கலாம். இதற்கெல்லாம் 'பக்கவிளைவு' பொருந்தாது, அது மருந்தின் பக்கத்திலேயே வருவது. 'பின்விளைவு' என்பதே சரி.

சரி, சர்வைவருக்குத் தமிழ் என்ன?

செய்தித்தாள்களுக்குப் பிடித்தது 'புற்றுநோயை வென்றவர்'. எனக்கு இதில் உடன்பாடில்லை. வென்றவர் என்றால் சண்டை முடிந்தது, கோப்பை கையில், இனி ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போக வேண்டும்? தவிர, இறந்துபோன குழந்தை தோற்ற குழந்தையாகிவிடும். 'உயிர் தப்பியவர்' ஒரே வீச்சில் வந்துபோகும் ஆபத்துக்குச் சரி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் எல்லோர் வாயிலும் இருந்த சொல் அது. 'மீண்டவர்' மோசமில்லை, ஆனால் பழைய நிலைக்கே முழுசாகத் திரும்பிவிட்டார் என்ற தொனி அதில் இருக்கிறது, மேலே சொன்ன கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

என் ஓட்டு 'பிழைத்தவர்' என்பதற்குத்தான். உடனே ஒருவர் கேட்பார், பிழை என்றால் தப்பு அல்லவா என்று. ஆமாம், இரண்டும் ஒரே வினைதான். 'எரியாற் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்' என்கிறது குறள். அங்கே உயிர் தப்புவதற்கு 'உய்', குற்றம் செய்வதற்குப் 'பிழை'. குறி பிழைத்தது என்றால் அம்பு தவறிப் போனது. அந்தத் தவறுதல் பக்கமாகத்தான் சாவின் குறி தவறி உயிர் பிழைப்பதும் வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. 'உய்ந்தவர்' அழகான சொல், ஆனால் அதை இன்று கோயில் பாட்டில்தான் கேட்கிறோம். பிழைத்தல் அப்படியில்லை, பொழைப்பு எப்படிப் போகுது என்று தினம் கேட்டுக்கொள்கிறோம்.

டெல்டாக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா மூழ்கி, தண்ணீர் வடிந்த பிறகு வரப்பில் நின்று 'பயிர் பொழைச்சுக்குமா' என்று கேட்பார்கள். பொழைச்ச பயிரை அப்படியே விட்டுவிடுவதும் இல்லை, தூர் குறையும் என்று தெரிந்து மேலுரம் போடுவார்கள், பூச்சி பார்ப்பார்கள். பிழைத்தவர் என்ற சொல்லில் அந்தக் கவனிப்பும் சேர்ந்தே வருகிறது.

நடைமுறையில் இந்தத் தொடர் கவனிப்புக்குக் குறுக்கே நிற்பது கல்யாணம். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம், மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய், குணமாகிவிட்டது. வரன் பார்க்கத் தொடங்கியதும் தாயார் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள்களை, அவை இருந்த மஞ்சள் பையோடு, அடுப்பில் போட்டுவிட்டார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இனி அந்தப் பெண் எந்த மருத்துவரிடம் போனாலும், சிவப்பு மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் இதயத்தை அடிக்கடி எக்கோ (ஒலி அலை ஸ்கேன்) எடுத்துப் பார்க்கச் சொல்கின்றன வழிகாட்டுதல்கள்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இப்படிப் பிழைத்தவர்களுக்கென்றே 1991 முதல் தனி கிளினிக் நடக்கிறது. நம் பக்கத்துப் பெற்றோர் எங்கே சிகிச்சை எடுத்திருந்தாலும், கடைசி நாளில் 'சிகிச்சைச் சுருக்கம்' என்று ஒரே தாளில் கேட்டு வாங்கலாம். மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றின் மொத்த அளவு, கதிர் கொடுத்திருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு. அதை மொபைலில் படம் எடுத்து, பிள்ளை வளர்ந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.