பன்னிரண்டு தளமா, நான்கு தளமா: எதில் நெருக்கம் அதிகம்?

வளர்ந்துவரும் புறநகரில் பன்னிரண்டு தளக் கட்டடம் ஒன்று எழும்பினால், "இவ்வளவு கூட்டத்தை இந்த இடம் தாங்குமா?" என்ற கேள்வி உடனே வரும். நான்கு தள வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெருவைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. கணக்குப் போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

ஒரு ஹெக்டேரை எடுத்துக்கொள்வோம். 10,000 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். சாலைக்கும் பூங்காவுக்கும் 30 சதவீதம் போனால் கையில் 7,000 நிற்கும். 500 சதுர மீட்டர் மனைகளாகப் பிரித்துத் தனி வீடு கட்டினால் 14 வீடு. பொதுச் சுவர் வைத்த வரிசை வீடுகளை 150 சதுர மீட்டர் மனைகளில் கட்டினால் 46. நிலத்தில் 40 சதவீதத்தை மூடி நான்கு தளம் எழுப்பினால் மொத்தத் தளப்பரப்பு 11,200. படிக்கட்டு, நடைபாதை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 100 என்று வைத்தால் 112 வீடு. சரி, பன்னிரண்டு தளம்? உயரம் கூடக் கூடக் கட்டடங்களுக்கு நடுவே வெளிச்சத்துக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அதிக இடம் விட வேண்டும். 15 சதவீத நிலத்தைத்தான் மூட முடியும் என்றால் 126 வீடு வரும். மூன்று மடங்கு உயர்ந்து கூடுதலாகக் கிடைத்தது 14 வீடு. அதிலும் லிஃப்ட்டும் கூடுதல் படிக்கட்டும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இங்கே ஒரு வடிவியல் வேடிக்கை உண்டு. 100 மீட்டர் பக்கமுள்ள சதுர மனையில் பாதியை மூட வேண்டும். நட்டநடுவில் கட்டினால் கட்டடத்தின் பக்கம் 70.7 மீட்டர், உள்ளே இருக்கும் அறைகளுக்கு ஜன்னலே கிடைக்காது. அதே பரப்பை மனையின் ஓரமாக வளையம்போல ஓட்டினால் அகலம் வெறும் 14.6 மீட்டர். இரண்டு பக்கமும் ஜன்னல் வைக்கத் தோதான ஆழம், நடுவே பெரிய முற்றம். கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை ஆய்வாளர்கள் லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் 1960-களில் இதைக் கணக்காகவே காட்டினார்கள். அதற்கு நூறு ஆண்டு முன்பே, 1859-இல், பார்சிலோனாவின் விரிவாக்கத்துக்குப் பொறியாளர் இல்டெஃபொன்ஸ் செர்தா வரைந்த திட்டத்தில் சுமார் 113 மீட்டர் பக்கமுள்ள சதுரத் தொகுதிகள் இருந்தன. பின்னாளில் அவற்றின் ஓரங்கள் முழுக்கக் கட்டடமாகி, ஐரோப்பாவின் மிக நெருக்கமான பகுதிகளில் ஒன்றாக அது மாறியது. அங்கே வானளாவிய அடுக்குமாடிகளைத் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள்.

அடர்த்தி எண்ணைப் பார்க்கும்போது, எதால் வகுத்தார்கள் என்று கேட்காமல் விடக் கூடாது. மேலே சொன்ன 112 வீட்டைச் சாலையோடு சேர்த்து வகுத்தால் ஹெக்டேருக்கு 112. மனை நிலத்தை மட்டும் வைத்து வகுத்தால் 160. இரண்டும் பொய்யில்லை. விற்பவரும் எதிர்ப்பவரும் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஆட்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 448 பேர். பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியேறி இரண்டு பேராகச் சுருங்கினால் 224. ஒரு செங்கல்கூட நகராமல் அடர்த்தி பாதியாகிவிடும்.

நெருக்கிக் கட்டினால் நிலம் மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் ஓர் அளவு வரைக்கும்தான். ஹெக்டேருக்கு 10 வீடு இருந்த இடத்தில் 20 கட்டினால் வீட்டுக்கு 500 சதுர மீட்டர் மிச்சம். 100 இருந்த இடத்தில் 110 கட்டினால் மிச்சம் 9 சதுர மீட்டர். இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் தோட்ட நகரை பாரி பார்க்கருடன் சேர்ந்து வடிவமைத்த ரேமண்ட் அன்வின், ஏக்கருக்கு 12 வீடே போதும், நெருக்கினால் தெருச் செலவு ஏறி லாபத்தைத் தின்றுவிடும் என்று 1912-இல் வாதிட்டார். வீடுகளைப் பொறுத்தவரை அவர் கணக்கில் நியாயம் இருந்தது. பேருந்தையும் கணக்கில் சேர்த்தால் கதை வேறு. நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் நடந்து வரக்கூடிய வட்டம் சுமார் 50 ஹெக்டேர். தனி வீடுகள் என்றால் அதற்குள் 700 குடும்பம், வரிசை வீடுகள் என்றால் 2,300. எந்த வழித்தடத்தில் பேருந்து அடிக்கடி வரும் என்று சொல்லத் தேவையில்லை. குழாய்க்கும் இதே கதி: தெருவின் இரு பக்கமும் 15 மீட்டர் முகப்புள்ள மனைகள் இருந்தால் வீட்டுக்கு 7.5 மீட்டர் குழாய், 6 மீட்டர் முகப்பு என்றால் 3 மீட்டர்.

இவ்வளவு தெரிந்தும் பெரும்பாலான புறநகர்களில் முற்றம் வைத்த நான்கு தள வளையம் ஏன் வருவதில்லை? என் பார்வையில் முதல் காரணம் மனைக் கோடுகள். கட்டடங்கள் இடிந்து மாறும். சர்வே கோடு மாறுவது அபூர்வம். தனி மனைகளாக விற்றுத் தீர்ந்த இடத்தில் வளையம் கட்ட வேண்டுமானால் பதினான்கு உரிமையாளர்களும் ஒன்றாகத் தலையாட்ட வேண்டும். நடக்கிற காரியமா? அதனால் அவரவர் தம் மனைக்குள்ளேயே மேலே மேலே தளம் சேர்க்கிறார்கள். பக்கவாட்டு இடைவெளி அப்படியே இருக்க, சுவர் மட்டும் உயர்கிறது. கீழ்த்தளத்து ஜன்னலுக்கு வெயில் வருவது நின்றுபோகிறது. தெருவின் அகலமும் அடியில் ஓடும் குழாயும் இன்னமும் 14 வீட்டுக்குப் போட்டவைதான்.