கீழ்ப்படிதலுக்குள் 'அடி' எப்படி வந்தது?

"தேவனுக்கு அடிபணியுங்கள், அரசாங்கத்துக்கு அடிபணியுங்கள், சபைத் தலைவர்களுக்கு அடிபணியுங்கள்." கிறிஸ்தவத் தமிழில் கீழ்ப்படிதல் இருந்த இடத்தில் இப்போது 'அடிபணிதல்' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பிரசங்கத்தில் கேட்கிறோம், மொழிபெயர்ப்பாக வரும் தியானப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கிறோம். ஏன் என்று கேட்டால், "கீழ்ப்படிதல் பழகித் தேய்ந்த சொல், இதில்தான் அழுத்தம் இருக்கிறது" என்கிறார்கள். அழுத்தம் இருக்கிறது, சரி. யார் தலையை, யார் காலடியில் அழுத்துகிறது?

சொற்பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். கீழ், படிதல். வண்டல் படிகிறது, பேரம் படிகிறது; அலைந்தது அமைவதும், ஒத்து வருவதும் படிதல்தான். ஒருவர் சொல்லுக்குக் கீழே அமைந்து நடப்பது கீழ்ப்படிதல். கிரேக்கத்தில் இதற்கு வரும் 'ஹுப்பக்கூவோ' என்ற வினையில் 'கீழ்' என்பதும் 'கேட்டல்' என்பதும் சேர்ந்திருக்கின்றன. எபிரெயத்தில் 'ஷமா'. "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் 6:4 தொடங்குகிறதே, அந்தக் 'கேள்'தான். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 'பையன் பேச்சைக் கேட்பதில்லை' என்றால் அவனுக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" என்று தீர்க்கதரிசி சாமுவேல் ராஜாவான சவுலிடம் சொல்லும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இனி அடிபணிதலுக்கு வருவோம். அடி என்றால் பாதம். பணிதல் என்றால் வணங்குதல். பழைய தமிழ் வேதாகமத்தில் பணிதல் எங்கெல்லாம் வருகிறது என்று ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும், இந்தச் சொல்லை மனிதருக்குப் போட யாருக்கும் கை வராது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், தான் நிறுத்திய பொற்சிலையை என்ன செய்யச் சொன்னான்? தாழ விழுந்து பணிந்துகொள்ளச் சொன்னான். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் மறுத்தது அதைத்தான். வனாந்தரத்தில் பிசாசு இயேசுவிடம் கேட்டது என்ன? "சாஷ்டாங்கமாய் விழுந்து, என்னைப் பணிந்துகொண்டால்" என்று. "உன் தேவனாகிய கர்த்தரைப் பணிந்துகொண்டு" என்று அதே வினையில் பதில் வருகிறது. இவற்றைவிடப் பச்சையாக ஒரு இடம் இருக்கிறது. அப்போஸ்தலர் 10-இல் கொர்நேலியு என்ற நூற்றுக்கு அதிபதி, இயேசுவின் சீடரான பேதுருவின் பாதத்தில் விழுந்து பணிந்துகொள்கிறான். அடியும் இருக்கிறது, பணிதலும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து அடிபணிதல். பேதுரு அவனைத் தூக்கியெடுத்து, "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்கிறார். பேதுருவே வேண்டாம் என்றதை இன்றைய சபைத் தலைவருக்கு வாங்கிக் கொடுக்கிறார் மொழிபெயர்ப்பாளர்.

'அடிபணிதல் தூய தமிழ்' என்றும் ஒரு வாதம். கீழ்ப்படிதலில் மட்டும் எந்த எழுத்து வடமொழி? பக்தி இலக்கியத்தில் இறைவன் திருவடியைப் பணிந்ததும் உண்மைதான். அங்கே அது பொருந்தும். தேவனுக்கு அடிபணிகிறேன் என்று ஒருவர் பாடினால் எனக்குச் சண்டை இல்லை. அதே சொல்லை அரசாங்கத்துக்கும் நீட்டும்போதுதான் சிக்கல். அப்புறம் எபேசியர் 5:21-ஐ என்ன செய்வார்கள்? அங்கே "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது. ஒருவருக்கொருவர் அடிபணிந்தால் இரண்டு தலையும் நடுவில் முட்டிக்கொள்ளும்.

பழைய மொழிபெயர்ப்பிலும் ஒரு குறை உண்டு. ரோமர் 13:1-இல் "மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று வருகிறது. "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று அப்போஸ்தலர் 5:29-இல் வருகிறது. தமிழில் ஒரே சொல், கிரேக்கத்தில் வேறு வேறு. ரோமரில் உள்ள 'ஹுப்போத்தாஸோ' ஒரு வரிசையில், ஒழுங்கில், கீழே நிற்பதைச் சொல்வது. அதற்கு 'உட்பட்டிருத்தல்' என்று போட்டிருக்கலாம். சட்டத்துக்கு உட்பட்டு, விதிகளுக்கு உட்பட்டு என்று தினமும் எழுதுகிறோம், புரியாதவர் கிடையாது. பொற்சிலையைப் பணிய மறுத்த அந்த மூவரையே பாருங்கள். ராஜாவின் கட்டளையைச் செய்யவில்லை; அதற்காகக் கலகமும் செய்யவில்லை, தப்பி ஓடவும் இல்லை. அவன் கொடுத்த தண்டனைக்கு உட்பட்டு அக்கினிச் சூளைக்குள் போனார்கள். கீழ்ப்படியாமலே உட்பட்டிருக்க முடியும். அடிபணிதல் என்ற ஒற்றைச் சொல்லில் இதைச் சொல்லிக் காட்டுங்கள் பார்ப்போம்.

1 பேதுரு 2:17 இன்னும் துல்லியம்: "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்." தேவனுக்கு ஒரு வினை, ராஜாவுக்கு வேறு வினை. மீனவரான பேதுரு எழுதிய கடிதத்தில் இருக்கும் இந்த நிதானம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறவர்களுக்கு வரவில்லை. கனமான சொல் போட்டால் பக்தி கூடிவிடும் என்ற நினைப்பு. சரணாகதி, முற்றும் அடிபணிதல், பூரண அர்ப்பணிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை. கீழ்ப்படிதலை விடாமல் வைத்திருக்கிற சிலரோ அதைக் 'கீழ்படிதல்' என்று அச்சிடுகிறார்கள். நடுவில் ஒரு 'ப்' வேண்டும் ஐயா.