துவக்கைத் தேய்க்காதீர்கள்

தேய்த்து மினுக்கிய துவக்கு இந்த மாதம் இது இரண்டாவது. மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில் ஒரு வீடு. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அம்மப்பாவின் துவக்கை அதன்மேல் வைத்திருந்தார்கள். இரும்பெல்லாம் புது சைக்கிள் ரிம் மாதிரி மினுங்கியது. மரத்துக்கு மூன்று பூச்சு வார்னிஷ். துவக்கின் உரிமத்தை முறைப்படி தங்கள் பெயருக்கு எடுத்துவிட்டுத்தான் என்னை அழைத்திருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நாலு நாள் மினக்கெட்டு கிரைண்டர் பிடிச்ச நான் அண்ணன். இப்ப என்ன விலை போகும்?"

அது லீ-என்ஃபீல்ட் 303, பழைய பிரித்தானியப் படைத் துப்பாக்கி. தோளில் வைக்கும் பிடங்குக் கட்டை இரும்போடு சேரும் இடத்தில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, வலப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். கிரீடம், அரசரின் எழுத்து முத்திரை, செய்த தொழிற்சாலை, ஆண்டு, மாதிரி எல்லாம் வரிவரியாகக் குத்தியிருக்கும் இடம் அது. மிஞ்சியிருந்தது "19" மட்டும். அடுத்த இரண்டு இலக்கமும் கிரைண்டரோடு போய்விட்டன. 1907இல் வந்த மாதிரி அது. முதலாம் உலகப்போருக்கு முந்தியதா பிந்தியதா என்று இனி அந்த இரும்பு சொல்லாது.

பழைய இரும்பு, பித்தளை, மரப் பொருட்களைப் பேணுவது என் தொழில். கோயில் விளக்கு, பெட்டகம், கதவுநிலை என்றுதான் பெரும்பாலும் வரும். எது வந்தாலும் இந்தப் "பளபளப்பு" வியாதி கூடவே வருகிறது. மினுக்கினால் பெறுமதி கூடும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. தயவுசெய்து ஒரு விஷயத்தை யோசியுங்கள். இந்த மாதிரிப் படைத்துவக்கு மினுங்குவதற்காகச் செய்ததில்லை. வெயிலில் மினுங்கினால் சிப்பாயை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் தொழிற்சாலையிலேயே இரும்பைக் கறுப்பாக்கி, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டி மங்கலாக அனுப்பினார்கள். நீங்கள் "அழுக்கு" என்று உரித்தெடுப்பது அந்தப் பூச்சைத்தான். செம்பழுப்பாகப் பொடிப்பொடியாக உதிர்வதுதான் துரு. கறுத்து, வழவழவென்று, விரலில் ஒட்டாமல் இருப்பது இரும்புக்குக் கவசம். அதை உரித்த அன்றைக்கே வாவிக்காற்றில் இருக்கும் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். நாலு நாள் தேய்த்த களுவாஞ்சிகுடித் துவக்கில் நான் போன அன்றே குழலடியில் செம்புள்ளி விழுந்திருந்தது.

குத்தெழுத்து என்பது அலங்காரமல்ல, சாட்சி. "ஹெர்மிஸ் கப்பலில இருந்து வந்தது" என்று ஒரு குடும்பம் காலங்காலமாகச் சொல்லிவந்த துவக்கைப் பார்த்திருக்கிறேன். ஹெர்மிஸ் 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு மூழ்கியது. துவக்கில் இருந்ததோ ஆர்.எஃப்.ஐ. என்ற குத்து, சுதந்திர இந்தியாவின் இஷாபூர் தொழிற்சாலையுடையது. கதை பிழை, துவக்கு அசல். அந்த மூன்று எழுத்தை யாரும் தேய்க்காததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

உயிர் காப்பதும் அந்த எழுத்துத்தான். இதே உருவத் துவக்குகளில் ஒரு தொகையை இஷாபூரில் காவலர்களுக்காக 410 சன்னத்துவக்காக, அதாவது சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் துவக்காக, மாற்றினார்கள். வெளியே பார்த்தால் 303, உள்ளே வேறு. பயிற்சிக்கு மட்டும் என்று டி.பி. குத்தி ஒதுக்கிய துவக்குகளும் உண்டு; அவற்றைச் சுட்டால் சுடுபவருக்கே ஆபத்து. அந்தக் குத்தை அழித்துவிட்டு, "வடிவா இருக்குத்தானே" என்று தோட்டா போட்டுப் பார்க்கும் பேரப்பிள்ளையை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இன்னொன்று, "கிழட்டுத் துவக்கு, அது செத்துப்போச்சு" என்ற பேச்சு. அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு வீட்டில் தோட்டாக் கூடான மகசினைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார்கள்; ஆகவே வெறுமை என்று நம்பியிருந்தார்கள். பிள்ளைகள் அதைத் தோளில் வைத்து விளையாடியிருக்கிறார்கள். நான் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தபோது குழலடியில் இருந்து பச்சை பிடித்த தோட்டா ஒன்று வெளியே வந்தது. வெறும் பழைய பித்தளை என்று நினைக்காதீர்கள். எழுபது எண்பது வருடத்துத் தோட்டாவும் வெடிக்கக்கூடும். அந்தத் தாயின் கை நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கே பொலிசுக்கு அறிவித்தோம்.

சரி, வீட்டில் அப்படி ஒன்று இருந்தால்? முதலில் சட்டம். துவக்கு முதுசமாக வரும், உரிமம் வராது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமம் ஆளுக்குரியது. எங்கள் மாவட்டத்தில் உரிமமில்லாத துவக்கு வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரணில் கண்டீர்களா, சட்டத்தரணியிடம் போங்கள், அவர் மூலம் பொலிசுக்குச் சொல்லுங்கள். சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் என்னிடம் கொண்டுவராதீர்கள். வாவியில் எறியாதீர்கள், புதைக்காதீர்கள். முகநூலில் படம் போட்டு விலை கேட்காதீர்கள். உரிமம் காட்டாமல் நான் கை வைக்கமாட்டேன், யார் சொல்லி வந்தாலும் சரி.

அப்புறம்தான் துப்புரவு. விரல் விசையில் படக்கூடாது, குழல் வாய் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். உள்ளே தோட்டா இல்லை என்பதைத் தெரிந்தவர் ஒருவர் போல்ட்டைத் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை அது நிரப்பிய துவக்குத்தான். ஜன்னலோரம் சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாக் குத்தெழுத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், அவ்வளவு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பித்தளைப் பிடங்குத் தகட்டில் பச்சை ஏறுவது அதனால்தான். பொலித்தீனில் சுற்றினால் மாரியில் உள்ளேயே வியர்த்துத் துரு பிடிக்கும். பிராசோ பொலிஷ், சாண்ட்பேப்பர், கம்பி பிரஷ் மூன்றையும் அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள்.

களுவாஞ்சிகுடித் தம்பியிடம் நான் கோபப்படவில்லை. அம்மப்பா மேல் உள்ள பாசத்தில் செய்த வேலை அது. போல்ட் கைப்பிடியின் பின்புறம் கிரைண்டர் எட்டவில்லை. அங்கே துவக்கின் தொடர் இலக்கம் முழுதாக இருந்தது. துவக்கின் உடலில் இருந்த அதே இலக்கம் போய்விட்டதால் இந்த போல்ட் இதற்குரியதுதானா என்று ஒப்பிட வழியில்லை; பொருந்தாத போல்ட்டோடு சுடுவது ஆபத்து. ஆகவே இதை இனிமேல் யாரும் சுடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். மிஞ்சிய இலக்கத்தைப் படமெடுத்து அந்தக் கடிதத்தோடு சேர்த்து வைக்கச் சொன்னேன்.