வெரைட்டி ஷோ: பல்சுவை நிகழ்ச்சி

ஓட்டல் பலகையில் ‘வெரைட்டி ரைஸ்’ என்று எழுதியிருந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எலுமிச்சை, புளி, தயிர், தேங்காய் என்று சாதம் ஒன்று, சுவை வேறு. தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் கொடிகட்டிப் பறந்த ‘வெரைட்டி ஷோ’வும் அப்படித்தான். ஒரே மேடையில் பாட்டு முடிந்தால் நகைச்சுவை, அது முடிந்தால் சர்க்கஸ் வித்தை, அப்புறம் நடனம்.

‘வெரைட்டி’யின் மூலம் லத்தீன் மொழியின் ‘வேரியஸ்’. பல நிறம் கொண்ட, வேறுபட்ட என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் அரங்குகளில் கலவையான மேடை நிகழ்ச்சிக்குப் பெயராக நிலைத்தது. அமெரிக்காவில் அதே கலையை ‘வாட்வில்’ என்றார்கள். பேசும் படமும் வானொலியும் வந்து அந்த அரங்குகள் ஓய்ந்தபோது, மேடைக்காரர்களுக்கு மறுவாழ்வு தந்தது தொலைக்காட்சி.

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் பிபிசி தொலைக்காட்சி தொடங்கியபோது, முதல் நாள் நிகழ்ச்சி ஒன்றின் பெயரே ‘வெரைட்டி’. அதில் அடேல் டிக்சன் பாடினார். பக் அண்ட் பபிள்ஸ் இணை ஆடியது. லாய் ஃபவுன்ஸ் என்ற சீனக் குழு வித்தை காட்டியது. அமெரிக்காவில் 1948 ஜூனில், ஒரே மாதத்தில், இரண்டு பெரிய நிகழ்ச்சிகள் தொடங்கின. ஒன்றை நடத்தியவர் நகைச்சுவைக் கலைஞர் மில்டன் பெர்ல், மற்றொன்றை நடத்தியவர் எட் சலிவன். சலிவனின் நிகழ்ச்சி 1971 வரை ஓடியது.

வீடியோ டேப் 1956இல்தான் வந்தது. அதுவரை இவை பெரும்பாலும் நேரலை. தட்டு சுழற்றுபவரை நினைத்துப் பாருங்கள். வரிசையாக நட்ட குச்சிகளின் உச்சியில் தட்டுகள் சுழல்கின்றன. கடைசித் தட்டை ஏற்றும்போது முதல் தட்டு தள்ளாடுகிறது; ஓடி வந்து குச்சியைத் திருகுகிறார். விழுந்தால் விழுந்ததுதான், வீட்டில் இருப்பவரும் அதே நொடியில் பார்ப்பார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பல்வகை நிகழ்ச்சி’ என்பது அகராதிக்குச் சரி. ஆனால் மளிகைப் பட்டியல் போல ஒலிக்கிறது. கல்லூரி விழா அழைப்பிதழ்களில் நாம் எப்போதோ அச்சிட்டுப் பழகிய ‘பல்சுவை நிகழ்ச்சி’யே பொருத்தம் என்பேன். சுவை என்றால் நாக்கின் ருசி மட்டுமல்ல. மெய்ப்பாட்டையும், அதாவது முகத்திலும் உடலிலும் வெளிப்படும் உணர்ச்சியையும், சுவை என்றே சொல்லி வந்திருக்கிறோம். தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் நகைச்சுவைக்காரர் தருவது நகை. தட்டு சுழற்றுபவர் தருவது மருட்கை, அதாவது வியப்பு. கூடவே விழுந்துவிடுமோ என்ற அச்சம். நிகழ்ச்சியை அடுக்கியவர்கள் பார்த்ததும் இதைத்தான்: சிரிப்புக்குப் பின் சிரிப்பு வந்தால் சலிக்கும், சுவை மாற வேண்டும்.

‘கதம்பம்’ என்றும் சொல்லலாம். மல்லியும் மருவும் கனகாம்பரமும் ஒரே சரத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் இயல்போடு நிற்கும். எட் சலிவன் பாடகரல்ல, நடிகரல்ல. பத்திரிகையில் பத்தி எழுதியவர். அடுத்து வருபவரை அறிமுகப்படுத்திவிட்டு விலகி நிற்பார். பூவெல்லாம் பிறருடையது, நார் அவர். அந்த வேலைக்கு நம்மிடம் இருக்கும் சொல் ‘தொகுப்பாளர்’.